மொறிஸ் மைனரும் மூவாயிரம் ரூபாயும்

மோட்டார்க் காரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். நான் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன். ஆயினும் வெள்ளவத்தையில், கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில், என் வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கின்றது. அரசாங்க எழுதுவினைஞராயிருந்த என் தந்தையார் 1957ஆம் ஆண்டில் கடன்பட்டு வாங்கிய கார் அது. அதன் பொருட்டே கார்ப் பிரியர்கள் சிலர் எனக்கு நண்பர்களாயினர்.

ஞாயிறு மாலைகளில் அவர்கள் கூடினால் வாதம் ஓயாது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 37 குதிரைவலுவும் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போதா என்பார் ஒருவர். பொறுமையிருந்தால் அது ஏறாத மலையில்லை என்பார் மற்றவர். அகன்ற சில்லுப் பூட்டலாமா, பிரேக்கை மாற்றலாமா, ஒரு கலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்றெல்லாம் பேசுவர். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானபோதும் இப்பேச்சு நிற்கவில்லை. அதன்பின் கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர். முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். பிழைப்புக்காக ஓடுபவனைவிட என்னைப் போன்றவனுக்கு நான்கு மடங்கு! அதைப்பற்றி நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை.

இறுதியில் பேச்சு விலைக்கே வந்து சேரும். இவ்விலை எங்கிருந்து பிறக்கின்றது? 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கவென வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார்கள் தேய்ந்தன, துருப்பிடித்தன. அவற்றின் விலையோ ஏறிற்று. கதவு திறந்தபின்னும், எஞ்சினின் கொள்ளளவை அளந்து விதித்த வரியும் அதன்மேல் ஏறிய 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் புதிய காரைச் சாதாரண சம்பளக்காரனுக்கு எட்டாததாகவே வைத்தன. ஆகவே நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இயந்திரத்தின் தரத்துக்குரியதன்று.

இலக்கத் தகட்டுக்குக்கூட விலை உண்டு. என் காரின் தகட்டைத் தடவிப் பார்த்து, “1 ஸ்ரீ! இதுக்கே தனி விலை, மாஸ்டர்” என்பர். வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது 1957இல். மறு ஆண்டு, அவ்வெழுத்தைத் தாங்கிய அரசாங்க பஸ்கள் வடக்கே சென்றபோது அதன்மீது தார் பூசினர். அதற்குப் பதிலாகக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினர். மே மாதத்தில் இரத்தம் சிந்திற்று. அந்தத் தகட்டோடுதான் என் தந்தையார் காலி வீதியால் கந்தோருக்குப் போய் வந்தார். அதுபற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

கடந்த ஆண்டு காரை விற்க எண்ணினேன். அதற்குமுன் கியர்ப் பெட்டியைத் திருத்த வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பழைய பாஸ் வந்து மூன்று நாள் வேலை செய்தார். மூன்றாம் நாள் காலை பதினையாயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசிப் பன்னீராயிரத்துக்கு இறக்கினேன். அன்று மாலையே வாங்க விரும்பியவர் வந்தார். பொனற்றைத் திறந்தவரின் முகம் சுருங்கிற்று.

“எஞ்சின் ஒறிஜினல் இல்லையே! டட்சன் சன்னி எஞ்சினைப் பூட்டிக் கெடுத்திருக்கிறாங்க. அஞ்சு இலட்சம் குறைக்க வேணும்.”

‘கெடுத்தவர்’ அருகில் நின்று பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் பழைய எஞ்சின் வெடித்துப்போய், உதிரிப்பாகம் கிடையாமல் கார் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. விபத்தில் சிக்கிய ஒரு ஜப்பானியக் காரின் 1171 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தவர் இவரே. வரைபடம் இல்லை, நூல் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. தாங்கியை வெட்டி ஒட்டி, அச்சுத்தண்டை அளந்து குறுக்கி, இரவிரவாகப் பொருத்தினார். விளக்குப் பிடித்தவன் நான். அதன்பின் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் அந்த எஞ்சின் எங்களைச் சுமந்தது. என் தாயாரைக் கடைசிமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் அதுதான்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசின் பெயரை என் நண்பர்கள் பக்தியோடு சொல்வர், அது நியாயமே. பாஸின் பெயரை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

வந்தவர் போனபின் பாஸ் சொன்னார்: “பழைய எஞ்சின் என் கொட்டில்லதான் கிடக்குது, மாஸ்டர். அதைத் தூக்கி வச்சா வண்டி ஒறிஜினல் ஆயிரும். ஆனா ஓடாது.”

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உழைப்பே மதிப்பைப் படைக்கின்றது என்று எத்தனை மாணவர்களுக்கு விளக்கியிருக்கின்றேன்! வந்தவர் அந்த உழைப்புக்காக ஐந்து இலட்சம் குறைக்கச் சொன்னார். நான் அதே கைகளின் உழைப்பில் மூவாயிரம் குறைத்தேன். தொகையில்தான் வேறுபாடு.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குச் சென்று அந்த மூவாயிரத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. தமக்கு வரவேண்டிய காசுக்கு அவர் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

காரை நான் விற்கவில்லை. நண்பர்கள் இன்றும் ஞாயிறுகளில் வருகின்றனர். எவராவது பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பற்றிக் கேட்டால், குதிரைவலுவைச் சொல்வதற்கு முன்னர் பாஸின் பெயரைச் சொல்கின்றேன்.