வாசனை: ஸ்ரீ சிட்டிக் குறிப்புகள்

ஆந்திராவின் தொழில் நகரமான ஸ்ரீ சிட்டியில் மாண்டலீஸ் நிறுவனத்தின் சாக்லேட் ஆலை 2016இல் திறக்கப்பட்டது. கேட்பரி சாக்லேட் அங்கே தயாராகிறது. கொக்கோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் நமக்குப் பழகிய அந்த மணம் பிறக்கிறது. அதில் ஆவியாகும் சேர்மங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முக்கியமான சிலவற்றைத் தனித்தனியே பிரித்து முகர்ந்தால் ஒன்று வியர்வை நாற்றம், ஒன்று வெந்த முட்டைக்கோஸ், ஒன்று மால்ட், இன்னொன்று ரோஜா. முழுச் சாக்லேட் மணத்தையும் தனியாகத் தருகிற சேர்மம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சாக்லேட் வாசனை எங்கே இருக்கிறது? முகர்கிறவரின் தலைக்குள்.

*

மூக்குக் குழியின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர சென்டிமீட்டர் அளவில் ஈரமான ஒரு சவ்வு. அதில் லட்சக்கணக்கான நரம்புச் செல்கள். மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உள்ளன. ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒரே ஒரு வகையைத்தான் தாங்கி நிற்கும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இணங்கும். அதனால் எந்தெந்த ஏற்பிகள், எவ்வளவு வலுவாகத் தூண்டப்பட்டன என்பதுதான் செய்தி. வாசலில் வைத்த அதே புள்ளிகளை வேறு விதமாக இணைத்தால் வேறு கோலம் வருகிறதல்லவா, அப்படி.

*

அந்தச் செல்களின் இழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே ஏறி, மூளையின் அடியில் இருக்கும் முகர்குமிழைத் தொடுகின்றன. ஒரே வகை ஏற்பி உள்ள செல்களின் இழைகள் அங்கே குறிப்பிட்ட சில முடிச்சுகளில் வந்து கூடுகின்றன. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகத்தான் மூளைப் புறணியை அடையும். வாசனைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. முகர்குமிழிலிருந்து முகர்புறணிக்கும், அச்சமும் விருப்பமும் உருவாகும் அமிக்டலாவுக்கும் நேரே போகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்கு மிக அருகில். ஒரு மணம், அதன் பெயரை நாம் சொல்வதற்கு முன்பே மனத்தைக் கலக்கிவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

*

இங்கிருந்து திருமலை எட்டிவிடும் தூரம்தான். பெருமாள் கோயில் தீர்த்தத்தை விழுங்கியதும் பச்சைக் கற்பூரம் ஒரு முறை வீசுகிறதே, அந்த மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுவது. உணவின் ‘ருசி’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பின்வாசல் வழியே வருகிறது. சளி பிடித்தால் ரசம் வெறும் உப்பும் புளியுமாகிவிடுவது அதனால்.

கற்பூரத்தின் குளிர்ச்சி வேறு கதை. அது வாசனை நரம்பின் வேலை அன்று. முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் வேலை. வாசனையை முற்றிலும் இழந்தவருக்கும் கற்பூரமும் தைலமும் ‘ஏறும்’. மூக்கு வேலை செய்கிறதா என்று பார்க்கக் காபித்தூளை எடுங்கள், தைலம் வேண்டாம்.

*

புதினாவுக்கும் சதகுப்பைக்கும் மணம் தருவது கார்வோன் என்ற ஒரே சேர்மத்தின் இரு வடிவங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்களில் வேறுபாடு இல்லை. இடக்கை, வலக்கை வேறுபாட்டைக்கூட மூக்கு பிரித்தறிகிறது.

*

சேஷாசல மலைச் செம்மரத்துக்குச் சந்தன மணம் கிடையாது. அதன் விலை நிறத்தில். சந்தனத்தில் சாண்டலால் இருக்கிறது. அது காற்றில் ஏறி மூக்கை எட்டுகிறது.

*

தொழில் நகரத்தில் இருப்பவர்கள் மூக்கின் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வாசனையில் சில நிமிடங்கள் நின்றால் ஏற்பிகளும் மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. பெயின்ட் பிரிவில் வேலை செய்கிறவருக்குப் பெயின்ட் நெடி தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நெடி நின்றுவிட்டது என்று நம்பி நிற்பவர் ஆபத்தில் இருக்கிறார்.

தூக்கம் இன்னும் பெரிய திரை. உறங்குகிறவர்களை வாசனை நம்பகமாக எழுப்புவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2020 மே 7 அதிகாலையில், இதே ஆந்திராவில், விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது சுற்றியிருந்தவர்கள் பலர் உறக்கத்தில் இருந்தார்கள். சமையல் எரிவாயுவில் நெடிக்காக மெர்காப்டன் சேர்ப்பது விழித்திருப்பவரைக் காக்கும். உறங்குபவருக்குச் சைரனும் கசிவுமானியும் வேண்டும். ஆலையை ஒட்டி வீடு இருக்கும் எந்த ஊரிலும் இதில் சமரசம் கூடாது.

*

கொரோனாவில் பலர் வாசனையை இழந்தார்கள். வைரஸ் பெரும்பாலும் தாக்கியது நரம்புச் செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. பெரும்பாலானோருக்கு உணர்வு திரும்பியதற்கு அது ஒரு காரணம். மூக்கின் வாசனைச் செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன என்பது இன்னொன்று.

வாசனையை இழந்தவர்களுக்காக ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட பயிற்சி முறை எளியது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். இந்த நான்கையும் காலை மாலை கவனத்தோடு முகரவேண்டும், 12 வாரம். எல்லோருக்கும் பலிக்காது; பலருக்கு உதவியிருக்கிறது. நான்கும் நம் வீடுகளிலேயே கிடைப்பவை.

*

வாசனை தெரியாமல் போனதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கலாம். கெட்ட பால், கருகும் ஒயர், கசியும் வாயு என எல்லாவற்றுக்கும் மூக்குதான் முதல் காவல். தொழிலாளர்களின் கண்ணையும் காதையும் சோதிப்பதுபோல மூக்கையும் சோதிக்கவேண்டும். கண்ணை மூடவைத்துக் காபித்தூள், ஏலக்காய், எலுமிச்சைத் தோல் என்று நீட்டினால் போதும், முதல் கட்டச் சோதனை முடிந்தது. தவறவிடுகிறவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு காக்கக்கூடிய சோதனையை ஒதுக்கிவைக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.