மூடக் கற்றுத்தந்தவர்கள்

தொழில்நுட்ப வரலாறு பயிலும் நான் இப்போதெல்லாம் காப்புரிமை ஆவணங்களைச் சற்று ஐயத்தோடுதான் படிக்கிறேன். டப்பர்வேர் நெகிழிக் கலங்களின் கதை அதற்கு ஒரு காரணம்.

ஏர்ல் டப்பர் பாலித்தீனில் வார்த்த கலங்கள் 1946இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மூடியின் நடுவை அழுத்தி, ஓரத்தைச் சற்றே உயர்த்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அது இறுகப் பொருந்தும். கடை அலமாரியால் அதைக் கற்பிக்க இயலவில்லை.

கற்பித்தவர்கள் பெண்கள். மகனைத் தனியாக வளர்த்த பிரௌனி வைஸ், வீடுகளில் தோழியரைக் கூட்டிச் செய்துகாட்டி விற்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1951இல் நிறுவனம் கடை விற்பனையையே கைவிட்டது. 1954இல் 'பிசினஸ் வீக்' அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் பணிநீக்கம் செய்யப்பட்டபோது நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. அதே ஆண்டு டப்பர் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு விற்றார்.

1996இல் இந்தியாவிலும் டப்பர்வேர் இத்தகைய வீட்டுக் கூடங்களின் வழியாகவே பரவத் தொடங்கியது. அம்மா தில்லி விடுதிக்கு அனுப்பும் பருப்புப்பொடி மணம் மாறாமல் வந்து சேர்கிறது. மூடியை அழுத்தி மூட அவருக்குப் பழக்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. எந்த ஆவணக் காப்பகத்திலும் அவர் பெயர் கிடைக்காது.

ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவும் ஆய்வேடுகள், அதைப் பயன்படுத்தக் கற்பித்தவர் யார் என்றும் வினவ வேண்டும், நண்பர்களே.