உப்புநீருக்கு ஒரு கத்தி

மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்புவனத்தைத் தாண்டி மானாமதுரைக்கு முன்னதாக வருகிற திருப்பாச்சேத்தியின் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் அரிவாளே நினைவுக்கு வரும். அவ்வூர்க் கொல்லுப்பட்டறை ஒன்றின் வாசலில் நின்று, அரிவாள் வேண்டாம், துடுப்புப் படகில் கொண்டுபோக ஒரு சிறு கத்தி வேண்டும் என்று நான் கேட்டபோது, உள்ளே உலைக்கு முன்னால் குந்தியிருந்த முதிய ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்துலயா, கடல்லயா தம்பி?" என்றார். நீளத்தையும் விலையையும் பேசுவதற்கு முன்பாக, கத்தி எந்தத் தண்ணீரில் நனையப்போகிறது என்று விசாரித்த அந்த மனிதரோடு சற்று நேரம் இருந்து பேசினால் பிரயோஜனம் உண்டு என்று தோன்றியதால், வந்த காரியத்தை ஒத்திவைத்து அங்கிருந்த மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டேன்.

நான் கத்தி தேடியது கடலுக்காகத்தான். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில் உள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டில், வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரியைப் பலர் அறிந்திருப்பார்கள். கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகிலும் அங்கே போகலாம். இவ்விதப் பிரயாணங்களில் கத்தி அலங்காரத்துக்குரிய வஸ்து அல்ல. அறுந்து மிதந்து வந்த நைலான் வலைகளும், நண்டு வலைக்காரர் விட்டுப்போன கயிறுகளும் நீருக்கடியில் வேர்களோடு பின்னிக் கிடக்கும் இடத்தில், படகு கவிழ்ந்து கால் அதில் மாட்டிக்கொண்டால், ஒரு கை எதையாவது பற்றியிருக்க, மற்றொரு கையால் உருவி, ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு வெளியே வரவேண்டிய அபாயமான நிலைமை ஏற்படக்கூடும். மாதக்கணக்கில் வேலையில்லாமல் உறையில் கிடந்துவிட்டு, அந்த ஒரு கணத்தில் துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளாமல் வருகிற கத்திதான் படகுக்காரனுக்கு வேண்டியது.

பட்டறை என்றது தகரக் கொட்டகையும் மண்தரையும்தான். உலையில் கனன்றது சீமைக் கருவேலங்கரி. சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளில் வயலையும் கண்மாயையும் விழுங்கிவிட்டதென்று எல்லோரும் ஏசுகிற அந்த மரமே இங்கே கரிமூட்டம் போடுகிறவனுக்கும் கொல்லனுக்கும் சோறு போடுகிறது. துருத்தி போய் அதன் இடத்தில் ஒரு சிறு மின்விசிறி வந்திருந்தது. கத்திக்குரிய இரும்போ, பழைய லாரிகளிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. பல ஆண்டுகள் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த அந்தப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலாகக் கரிமம் கலந்திருக்கும். சூடேற்றி நீரில் தோய்த்தால் கடினப்படுகிற குணம் அதற்கு வருவது அந்தச் சொற்பக் கரிமத்தினால்தான். ஆசாரி குறட்டால் பட்டையைப் பிடித்து அடைகல்லின் மேல் திருப்பித் திருப்பிக் கொடுக்க, அவருடைய மனைவி எதிரே நின்று சம்மட்டி போட்டார். இருவருக்குமிடையே பேச்சு இல்லை. ஆசாரி தம் கைச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கேயே அடுத்த கணம் சம்மட்டி விழுந்தது. அவர் சுத்தியலை அடைகல்லின் ஓரத்தில் வெறுமனே ஒருமுறை தட்டியவுடன் அந்த அம்மாள் சம்மட்டியை இறக்கி வைத்துவிட்டார். அரிவாளுக்குப் பேர் எடுத்தது ஊரும் ஆண்களும் என்று நினைத்திருக்கும் நமக்கு, அந்தப் பாரமான வேலையில் பாதி ஒரு பெண்மணியின் தோளில் இருப்பது தெரிவதில்லை.

நான் முக்கியமாகக் காண விரும்பியது தோய்ச்சலை. உருவம் வந்து அரத்தால் வாய் தீர்ந்த ஒரு காய்கறிக் கத்தியை ஆசாரி மறுபடி உலையில் வைத்து, கொட்டகையின் நிழலில் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடும் என்பதற்காகவே கொல்லுப்பட்டறைகளை இருட்டாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. செக்கச் சிவந்த கத்தியின் வாய்ப்புறத்தை மட்டும் நீரில் அமிழ்த்தி எடுத்தார். முதுகுப்புறம் சூடாகவே இருந்தது. உடனே ஒரு கல்துண்டால் வாயை நாலு இழுப்பு தேய்த்து வெளுப்பாக்கி, கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். முதுகிலிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்க இறங்க, வெளுத்த இரும்பின் மேல் ஒரு நிறம் நகர்ந்து வந்தது. முன்னால் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதாவும் நீலமும். மஞ்சள் வாயின் விளிம்பைத் தொட்ட கணத்தில் கத்தி முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. கருவேல மரம் வெட்டுகிற அரிவாளாக இருந்தால் பழுப்பும் கடந்து ஊதா வரும்வரை விட்டுவிடுவாராம். "பதம் ஏறிப்போனா வாயில பல்லு விழும், இறங்கிப்போனா மடங்கும்" என்றார். மஞ்சள் நிறம் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸிலும் நீலம் 300 பாகையை ஒட்டியும் தோன்றும் என்று உலோக சாஸ்திர நூல்களில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அவர் அந்த அட்டவணையைக் கண்ணிலேயே வைத்திருந்தார்.

இவ்வளவு சிரத்தையோடு செய்த கத்தியைப் பார்த்தபின், கடலுக்கும் இதுவே போதுமே என்று நான் ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லாமல் மூலையில் கிடந்த சாக்கைப் புரட்டி, கடற்கரைப் பக்கத்தார் ஒருவர் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். அலகின் மேற்பரப்பில் செந்துரு படர்ந்திருந்ததே தவிர இரும்பு கெட்டுப்போகவில்லை. ஆனால் மரப்பிடியின் கழுத்தில் பித்தளைப் பூண் இருந்த இடத்தில், உள்ளே செல்லும் காம்பு தின்னப்பட்டுப் பாதி கனமாகிவிட்டிருந்தது. உப்புநீரில் பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே மின்கலத்தில் நடப்பதைப் போன்ற ரசாயனக் கிரியை நடந்து, பித்தளை தப்பித்துக்கொள்ள இரும்பு கரைந்துவிடும் என்பது சாஸ்திர விளக்கம். ஆசாரி அதை, "உப்புத்தண்ணிக்கு நம்ம இரும்பு ஆகாது தம்பி. தெனம் தேங்கா உடைக்கிறவன், கறி வெட்டுறவன் கையில இருந்தா தேய்ச்சுத் தேய்ச்சு வச்சுக்குவான். சும்மா கெடந்தா தின்னுரும்" என்று சொல்லி முடித்துவிட்டார். தம்முடைய சரக்கைத் தாமே வேண்டாமென்று சொல்லும் வியாபாரியை நாம் அடிக்கடி சந்திப்பதில்லை.

அவர் சொன்னதற்குள் இருக்கிற சங்கடத்தைத் தீர்க்க உலகம் வெகுகாலம் பாடுபட்டிருக்கிறது. அதில் நம் நாட்டு எஃகுக்கும் ஒரு பங்கு உண்டு. ஈரோட்டை அடுத்த கொடுமணல் முதலான இடங்களில் பண்டைய இரும்புத் தொழிலின் சின்னங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். தென்னாட்டு உருக்கு, ஊட்ஸ் என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்திக் கம்மியரோடு சேர்ந்து 1819-ஆம் ஆண்டையொட்டி அந்த ஊட்ஸின் ரகசியத்தை ஆராயப் புகுந்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் என்று பற்பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்; குரோமியத்தையும் சிறிதளவு கலந்து பார்த்தார். அளவு சொற்பமாக இருந்ததால் துருப்பிடிக்காத எஃகு அவர் கையில் அகப்படவில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1913-இல் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரிமமும் கொண்ட எஃகை உருக்கி, அது அமிலத்துக்கும் அசையாததைக் கண்டார். குழலுக்கு அன்று, கத்திக்கே அது உதவும் என்று அவர் சொன்னபோது ஷெஃபீல்டின் கத்திக்கொல்லர்கள் சிரித்தார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகானுபாவர் என்று அவரைப் பரிகாசம் செய்ததாகவும் சொல்வதுண்டு.

அந்தப் பரிகாசத்தில் நியாயம் இல்லாமலில்லை. நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் குரோமியம் கலந்தால், அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எஃகின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்கிறது. ஆனால் கூர்மை நிற்பதற்காகக் கரிமத்தை அதிகப்படுத்தினால், அந்தக் கரிமம் குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு படலத்துக்கு வேண்டிய குரோமியத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே கூர்மையும் துருவின்மையும் சக்களத்திகள். ஒருத்தியை ஆதரித்தால் மற்றவள் முகம் கோணுவாள். கரிமம் ஒரு பங்கும் குரோமியம் பதினேழு பங்கும் உள்ள 440சி என்ற ரகம் நன்றாகக் கூர் நிற்கும். கடலில் ஓரளவு துருப்புள்ளி விழும். 420 என்ற ரகத்தில் கரிமம் குறைவு. கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் உப்பை அதிகம் தாங்கும். அண்மைக் காலத்தில் கரிமத்தின் ஸ்தானத்தில் நைட்ரஜனைச் சேர்த்து, எச் 1 முதலிய எஃகுகளைச் செய்திருக்கிறார்கள். இவை கடல்நீரில் அநேகமாகத் துருப்பிடிப்பதில்லை, விலைதான் நம்மைக் கடிக்கும். நம் வீட்டு எவர்சில்வர் தட்டை வெட்டிக் கத்தியாக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உள்ள அந்த ரகத்தைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது. காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் அல்ல என்று கடைத்தெருவில் செய்கிற பரீட்சையும் கத்திக்குப் பொருந்தாது; தோய்த்துக் கடினமாக்கிய துருப்பிடிக்காத கத்தி காந்தத்தில் தாராளமாக ஒட்டும்.

ஆசாரியிடம் விடைபெற்றுக் காரங்காட்டுக்குப் போனேன். நண்டு வலை இழுப்பவர் ஒருவரிடம் அவருடைய கத்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பிடியிட்ட, சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிற துருப்பிடிக்காத கத்தி. வாய் மழுங்கினால் படகு விளிம்பிலுள்ள கல்லில் இரண்டு இழுப்பு. கடலில் விழுந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவார். உடைந்த ஆக்ஸா பிளேடைத் தீட்டிக் கத்தியாக்கியதும் அவரிடம் இருந்தது. அது வலைக்கயிற்றைத் துருப்பிடிக்காத கத்தியைவிட நன்றாக அறுக்கும், சில வாரங்களில் துருவாகி உதிரும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாஸ்திரம் சொன்னதையும் ஆசாரி சொன்னதையும் அவருடைய கூடையில் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

இனி, என் அபிப்பிராயம். உப்புநீரில் துடுப்புப் போடுகிறவர் 420 போன்ற கரிமம் குறைந்த எஃகில், மடங்காத கத்தியாக, மூன்று நான்கு அங்குல அலகுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மடக்குக் கத்தியின் மூட்டில் உப்பும் மணலும் சேர்ந்துவிட்டால், எந்த எஃகாயினும் அவசரத்துக்குத் திறக்காது. முனை கூராக இருத்தல் கூடாது. புரளும் படகில் கூர்முனை முதலில் குத்துவது உடையவனையே. அலகின் பாதியில் அரம்பம் போன்ற பற்கள் இருந்தால் நைலான் கயிறு நழுவாமல் அறுபடும். தோல் உறை வேண்டவே வேண்டாம். அது உப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவும் பகலும் அலகுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். அடியில் நீர் வடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை நல்லது; அதையும் மிதவைச் சட்டையின் மார்புப்புறத்தில், எந்தக் கைக்கும் எட்டும்படி மாட்டிக்கொள்ள வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி ஈரத்தோடு உறையில் போட்டு வைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: காற்றுப் படாத ஈர இடுக்கில் அந்தப் பாதுகாப்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாட்டாமல் போகிறது, அங்கேதான் முதல் புள்ளி விழுகிறது. கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உறையிலிருந்து வெளியே வைத்துக் காயவிடுவது, எந்த விலையுயர்ந்த எஃகைவிடவும் கத்தியின் ஆயுளை நீட்டிக்கும்.

கடல் கத்தி ஒன்றைப் பிற்பாடு கடையில் வாங்கிக்கொண்டேன் என்றாலும், அன்று திருப்பாச்சேத்தியிலிருந்து நான் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த மஞ்சள் நிறத்தில் தோய்ந்த காய்கறிக் கத்தியையே கேட்டு வாங்கினேன். விலையைப் பெறுமுன் ஆசாரி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, என் பெயரையும் ஊரையும் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார். யார் யாருக்கு ஆயுதம் விற்கிறது என்று போலீஸார் கணக்குக் கேட்கிறார்களாம். சண்டைக்காரன் கையில் அகப்படுகிற அரிவாளுக்காக, கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர அரிவாளையும் பாளை சீவுகிற அரிவாளையும் அடித்துப் பிழைக்கிற ஒரு தெருவே சந்தேகத்தின் கீழ் நிற்கிறது. பிள்ளைகள் தொழிலுக்கு வருகிறார்களா என்று கேட்டேன். ஒருவன் கோயம்புத்தூரில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்.

இராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் போகிறார்கள். வண்டியைச் சற்று நிறுத்தி, சமையலறைக்கு ஒரு கத்தியோ தேங்காய்க்கு ஓர் அரிவாளோ வாங்கிச் செல்லுங்கள். நாள்தோறும் கையாண்டு, ஈரம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உழைக்கும். கடலுக்கு மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம்.