கூந்தலும் மின்சாரமும்

சுருட்டை முடி உள்ளவளுக்கு நேராகத் தொங்கும் கூந்தல்மேல் ஆசை. நேரான கூந்தல் உள்ளவளோ, நெற்றியில் இரண்டு சுருள் விழாதா என்று ஏங்குகிறாள். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்டதோ என்று எங்கள் விடுதியைப் பார்ப்பவர் ஐயுறக்கூடும். மாலை ஆறு மணிக்குமேல் அறைக்கு அறை ஏதேனும் ஒரு கருவி சூடாகிக்கொண்டிருக்கும். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். தங்கையிடம் டிரையர் இரவல் வாங்க விடுதி வாசலில் காத்து நிற்கும் அண்ணன்மாரை நான் அறிவேன்.

ஊரில் இருந்தவரை எனக்கு இவற்றின் தேவை தெரிந்ததில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு. கூடையைக் கவிழ்த்து அடியில் சாம்பிராணிப் புகை. பிறகு மொட்டைமாடி வெயில். அவ்வளவுதான், கூந்தல் உலர்ந்துவிடும். தில்லியில் அந்த வித்தை பலிக்காது. ஜனவரி மாதத்தில் சூரியன் மூடுபனிக்குள் ஒளிந்துகொள்ள, குளிர் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்க, ஈரத் தலையோடு காலை வகுப்புக்குப் போவது பெருந்தண்டனை. ஆகவே மின்கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கில்லை. வாங்கத்தான் வேண்டும், அறிந்து வாங்க வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் முதலாண்டுத் தங்கை ஒருத்திக்கு அவள் அத்தை அமெரிக்காவிலிருந்து டிரையர் ஒன்று கொண்டுவந்தார். "அக்கா, அடாப்டர் போட்டால் பொருந்துகிறது" என்றாள் மகிழ்ச்சியோடு. முள் பொருந்தியது, மின்சாரம் பொருந்தவில்லை. அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட்; இங்கே 230. அழுத்தம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். பட்டென்று ஒரு பொறி, கருகிய நாற்றம், மாடி முழுவதும் இருட்டு. நல்ல வேளை, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரண அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், அழுத்தத்தைக் குறைக்காது. கருவியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே அஞ்சாமல் செருகலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வாட் கணக்கு. நம் அறைகளில் உள்ள சிறிய பிளக் 6 ஆம்பியர் தாங்கும். அதாவது ஏறக்குறைய 1,380 வாட். ஆயிரம் வாட் டிரையருக்கு அது போதும். 2,000 வாட் டிரையரோ ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும்; அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஒரே நீட்டிப்புப் பலகையில் டிரையரையும் தேநீர்க் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தானே அணையும் வசதியையும் பார்த்து வாங்குங்கள். அதற்குமுன் விடுதி விதி அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடியை நிமிர்த்தும் கருவியில் வெப்பத்தை டிகிரிக் கணக்கில் மாற்றும் வசதி இன்றியமையாதது. 1870களில் பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற சிகையலங்காரர் சூட்டுக் கோலால் கூந்தலில் அலை படியவைத்துப் புகழ் பெற்றார். அக்காலத்தில் கோலைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்களாம்; காகிதம் பழுத்தால் சூடு மிகுதி. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மெல்லிய முடிக்கு 150 டிகிரிக்குள். நடுத்தர முடிக்கு 180 வரை. தடித்த முடிக்கும் 200ஐத் தாண்ட வேண்டாம். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் அவிழ்ந்து, ஆறும்போது புது வடிவில் மீண்டும் சேர்கின்றன. அதனால்தான் தலை நனைந்ததும் பழைய சுருள் திரும்புகிறது. சூடு எல்லை மீறினால் புரதமே சிதையும். பிறகு அது திரும்பாது.

ஈர முடியில் சூட்டுக் கருவி படவே கூடாது. முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழியிட்டு இழையை உடைத்துவிடும். நேர்முகத் தேர்வன்று அவசரத்தில் ஈரத்தோடு இழுத்த தோழி ஒருத்தியின் முன்முடி கையோடு வந்தது. வேலை கிடைத்தது, முடி வளர ஓராண்டு ஆயிற்று. எண்ணெய்த் தலையும் ஆகாது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 டிகிரியில் புகையத் தொடங்கும். இந்தச் சாம்பிராணி நமக்கு வேண்டாம்.

டிரையரைப் பற்றி ஒரு நற்செய்தி. 2011இல் வெளிவந்த கொரிய ஆய்வொன்றில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 47 டிகிரியாக இருந்த வெப்பம், 5 சென்டிமீட்டரில் 95ஆக ஏறியது. ஆகவே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள்.

குளியலறைக்குள் எந்தக் கருவியும் வேண்டாம். சுவிட்சை அணைத்தாலும், செருகியிருக்கும்வரை நீரில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து. சூடான கருவியை மெத்தைமேல் வைக்காதீர்கள். கம்பியை அதன்மேல் இறுகச் சுற்றாதீர்கள். தோலில் சூடு பட்டால் பற்பசையைத் தேடாமல், குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.

எனக்கும் சுருட்டை முடிதான்; என் அப்பாயி கொடுத்த சொத்து. நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தர வந்த ஒருவர், "முடியை நேராக்கினால்தான் துப்புரவாகத் தெரியும்" என்றார். அன்றிரவு தோழியின் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆசையாக இருந்திருந்தால் நேராக்கியிருப்பேன். வெட்கத்துக்காக நேராக்க மனம் வரவில்லை; திருப்பி வைத்துவிட்டேன். தோழியரே, உங்களுக்கு விருப்பமானால் நிமிர்த்துங்கள், சுருட்டுங்கள், 180 டிகிரிக்குள் எப்படியும் அழகு செய்துகொள்ளுங்கள். பிறர் சொல்லுக்காக மட்டும் தலையைச் சூடாக்கிக்கொள்ளாதீர்கள்.