கொப்பிக்கு வெளியே இருக்கும் சம்பளம்

பாசிக்குடாவில் போருக்குப் பின் எழுந்த கடற்கரை விடுதிகளில் தொடங்கி, ஏறாவூர், காத்தான்குடிக் கடைகள் வழியாக, மட்டக்களப்பு வாவியின் மறுகரையில் படுவான்கரை நெல்லை நம்பியிருக்கும் அரிசி ஆலைகள் வரை பார்த்துக்கொண்டு போனால், சம்பளக் கணக்கு எங்கேயும் இரண்டு இடங்களில் இருப்பது தெரிகிறது. ஒரு பாதி கொப்பியில் இருக்கிறது; மறு பாதி கணக்கப்பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க முதலாளி முடிவெடுத்ததும், அதை அந்த நிறுவனத்தின் கணினி முறைக்குள் கொண்டுவந்து சேர்க்க ஓர் அமுலாக்கல் அலுவலர் வருகிறார். கணினி தெரிந்த பிள்ளை வந்து எக்செல் தாளை ஏற்றிவிட்டுப் போவதுதான் அவருடைய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கொப்பியில் எழுதப்படாத அந்த மறு பாதியை எழுத்தில் கொண்டுவருவதுதான் அவருடைய தொழில் என்பேன். அதைச் செய்யாமல் மென்பொருளை ஓடவிட்டால், பழைய பிழை வேகமாக நடக்குமே தவிரத் திருந்தாது.

உணவை எடுத்துக்கொள்வோம். ஆலையிலும் விடுதியிலும் வேலையாட்களுக்குச் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம். அது சம்பளம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழில் வழங்குநர் கொடுக்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பண மதிப்பையும் உழைப்பூதியத்தில் சேர்க்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவை அது சேர்ப்பதில்லை. ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் சம்பளம், சாப்பாட்டின் மதிப்பு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து, சாப்பாட்டை விட்டால் 8,000 ரூபாய், சேர்த்தால் 9,000 ரூபாய். பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 120,000 ரூபாய் வித்தியாசம். முதலாளி தனியாகச் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதம் இதற்கு மேலதிகம். நிரப்பச் சொல்லி அனுப்பும் படிவத்தில் 'உணவு' என்று ஒரு நிரல் இல்லாவிட்டால் இந்தப் பணம் யாருடைய கண்ணிலும் படாது. சமையலறைப் பக்கம் போய், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும் அலுவலருக்குத்தான் அது தெரியவரும்.

இப்படி எழுதப்படாதவை இன்னும் பல. மூடைக் கணக்கில் கூலி வாங்கும் நாட்டாமைமாரை 'எங்கள் ஆட்கள் இல்லை' என்று முதலாளி சொல்வார். ஆனால் துண்டுவீத ஊழியரும் அமைய ஊழியரும் சேமலாப நிதிக்கு உட்பட்டவர்களே. பௌர்ணமி தினத்தில் விடுதியில் வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு நாட்சம்பளம் சேரவேண்டும். வரவுப் புத்தகத்தில் அந்த நாளுக்கும் மற்ற நாளைப் போல ஒரு கோடுதான் இருக்கும். பாசிக்குடாவின் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. சேவைக் கட்டணத்தில் ஊழியருக்கு வரும் பங்கு அப்போது ஏறி, வாடைக் காலத்தில் இறங்கும். அந்தப் பங்கைப் புள்ளிகளாகப் பிரிக்கும் விதி பெரும்பாலும் ஒரு மேலாளரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர் வேலை மாறினால் விதியும் அவரோடு போய்விடும். பெயர்ச் சிக்கல் வேறு. ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், வங்கிக் கணக்கில் இன்னொன்றிலும், சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவதாகவும் இருக்கும். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் பணத்தை மீளப்பெறப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

சட்டம் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஒன்றுதானே, நல்ல மாதிரிப் படிவம் ஒன்று போதாதா என்று கேட்கலாம். வீதங்களுக்கு அது போதும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்ததையும், முற்பண வருமான வரியின் மாத விலக்கெல்லை 2025 ஏப்ரலில் 150,000 ரூபாயானதையும் கொழும்பில் இருந்தபடியே மாற்றிவிடலாம். ஆனால் அந்த வீதத்தை எந்தத் தொகைக்குப் பிரயோகிப்பது என்பது வேலைத்தலத்தில்தான் தீர்மானமாகிறது. சிறிய ஆலைக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது அடுத்த மறுப்பு. அதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலே சேமலாப நிதி கட்டாயம். தாமதித்தால் மிகைக்கட்டணம் 50 வீதம் வரை ஏறும். ஊழியர் தொகை பதினைந்தை எட்டினால் பணிக்கொடைப் பொறுப்பும் வந்து சேரும். சிறியவர்கள் பலர் சேர்ந்து ஒரு சேவையை எடுப்பதே இதற்கு வழி. சட்டத்தைக் காணாததுபோல் இருப்பது வழியல்ல.

மூன்றாவது மறுப்பு ஊழியரிடமிருந்தே வருகிறது: 'கையில் வாற காசைக் குறைக்க வேண்டாம்.' இதுதான் கனமான மறுப்பு. விலைவாசி ஏறிய வீட்டில் 8 வீதம் சிறிய தொகையல்ல. அவர் விடும் 8 வீதத்தோடு முதலாளியின் 12 வீதமும் 3 வீதமுமாக 15 வீதம் அவர் பெயரில் சேர்கிறது என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டார். தமிழில் அச்சிட்ட அவருடைய சொந்தச் சம்பளப் பட்டியலை முன்னே வைத்து வரி வரியாகக் காட்டவேண்டும். அந்த விளக்கமும் அமுலாக்கலின் ஒரு பகுதிதான். அதைத் தொலைபேசி உதவி மையத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

ஆகவே இந்தத் தொழிலுக்கு ஊர்ப் பழக்கமும் மொழியும் சட்ட அறிவும் ஒருங்கே தெரிந்தவர்கள் வேண்டும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகமும் முகாமைத்துவமும் படித்து வெளியேறும் இளையோருக்கு இது சொந்த மண்ணிலேயே செய்யக்கூடிய வேலை. முதலாளிமாருக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மாதக் கட்டணத்தை மட்டும் பேசாதீர்கள். எழுதப்படாத வழக்கங்களை எல்லாம் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்ட பட்டியல், பழைய கொப்பியும் புதிய முறையும் அருகருகே ஓடிப் பொருந்திய குறைந்தது இரண்டு மாதக் கணக்கு, ஒவ்வொரு ஊழியருக்கும் தமிழில் சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை பழைய கொப்பியை மூடாதீர்கள்.