மழை பெய்த மறுநாள் விழாத கியர்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலான ஐந்து கிலோமீட்டர் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளிக்க வருகிறவர்கள் ஒருபுறம். செங்கோட்டை, புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிறவர்கள் மறுபுறம். நெரிசல், ஏற்றம், ஈரம் மூன்றும் சேர்ந்துகொள்ளும் இந்த மாதங்களில்தான் ஆட்டோமேட்டிக் கார்களில் ஒளிந்திருக்கும் கோளாறுகள் தலைகாட்டுகின்றன. இப்படி ஒரு காரைப் பார்க்கக் கிளம்பிய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவருடன் மேலகரத்துக்குப் போயிருந்தேன்.

கார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு கியர் விழமாட்டேங்கு தம்பி. மீட்டர்ல 'என்' எழுத்து மட்டும் மின்னுது. அணைச்சுப் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி போவுது" என்றார் ஆசிரியர். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கியர் மாற்றும் யூனிட்டையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கோளாறு ஒருமுறைகூட வரவில்லை. வைத்தியர் வாசலை மிதித்ததும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரிதான் இதுவும்.

எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். "காலையிலயா, சாயங்காலமா சார்? ஏசி ஓடிச்சா? ஹெட்லைட் போட்டிருந்தீங்களா? ஏத்தத்துல நின்னு நின்னு போனப்பவா, நேர் ரோட்டுலயா?" ஆசிரியருக்குச் சரியாக நினைவில்லை. பதில் உள்ளேயிருந்து வந்தது. "மழை பெஞ்ச மறுநாள்தான் வருது. நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் அவர் மனைவி. எலெக்ட்ரீஷியன் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று கிடைத்த தகவல்களிலேயே பெறுமதியானது அதுதான்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வகைகள் வேறு. 1939இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக அறிமுகமான ஹைட்ராமேட்டிக்கின் வழிவந்தவை முழுக்க எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாற்றுபவை. நம் ஊர்களில் நிறைய ஓடுவது ஏஎம்டி. 2014இல் மாருதி செலேரியோவுடன் இது இங்கே பரவலானது. அதில் இருப்பது பழைய கிளச்சும் பழைய கியர் பாக்ஸும்தான். டிரைவரின் காலும் கையும் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஒரு சிறு மின்பம்பும் வால்வுகளும் செய்கின்றன. ஆசிரியரின் கார் இந்த வகை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

முதலில் பேட்டரி. எஞ்சின் அணைந்த நிலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்ல சார்ஜ். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. பேட்டரி தளர்ந்தாலே கியர் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் இல்லாத கோளாறையெல்லாம் பதிவு செய்யும் என்பதால் இதைத் தாண்டி எதையும் தொடுவதில்லை என்றார்.

அடுத்து ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் செருகினார். மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். கியர் பக்கம் சிக்கல் என்றால் பி0700 என்று ஒரு குறியீடு காட்டும். கியர் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு கியர் பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. இவருடைய ஸ்கேனர் கியர் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்ப் படித்தது. பம்பு போதிய அழுத்தம் ஏற்றவில்லை என்று பதிவு இருந்தது. பம்பு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பம்புக்குப் போகிற கரண்ட், திரும்பிவருகிற எர்த், ரிலே, ஃபியூஸ், எண்ணெய் அளவு எதில் குறை இருந்தாலும் இதே பதிவுதான் விழும். ஸ்கேனர் தெருவைக் காட்டும். வீட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் பேச்சு.

பிறகு நடந்தது எனக்குப் புதிது. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். பானெட்டுக்குள் 'ங்ங்' என்று சன்னமான முனகல். இந்த வகை ஏஎம்டிகள் பலவற்றில் கதவைத் திறந்ததுமே பம்பு ஓடி அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். அந்த ஒலி இழுபட்டால், சுருதி தாழ்ந்தால் பம்புக்குக் கரண்ட் பற்றவில்லை என்று காதே சொல்லிவிடும். "இழுக்குது பாருங்க" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஆசிரியரை உள்ளே உட்காரவைத்தார். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி லீவரை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். பம்பு அடிக்கடி ஓடத் தொடங்கியது. மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில்; மறுமுனை பம்பு சாக்கெட்டுக்கு வரும் எர்த் வயரில். எர்த் ஒழுங்காக இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் அநேகமாக இருக்கவே கூடாது; 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பம்பு ஓடும் ஒவ்வொரு முறையும் எண் ஒரு வோல்ட்டை நெருங்கி ஏறியது. நின்றதும் பூஜ்யத்துக்கு இறங்கியது.

வந்துபோகும் கோளாறு ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். வெறுமனே வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 'பீப்' என்று கத்தி, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். ஒரே ஒரு இழை பிழைத்திருந்தாலும் அந்தச் சத்தம் வரும். பம்பு இழுப்பது பெரிய கரண்ட். அது பாயும் நேரத்தில் மட்டுமே களிம்பேறிய இணைப்பு வழிமறிக்கும். அப்போது பம்பு தளரும், அழுத்தம் ஏறாது, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக நியூட்ரலில் விட்டுவிடும். எஸ் வளைவில் கியர் அடிக்கடி மாறுகையில், ஏசியும் வைப்பரும் லைட்டும் சேர்ந்து ஓடுகையில் இது மிக எளிதாக நடக்கும். ஒர்க்‌ஷாப் நிழலில் கார் சும்மா நிற்கும்போது நடக்காது.

பேட்டரியைக் கழற்றி, டிரேயைத் தூக்கினார். பாடியில் முறுக்கியிருந்த எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. மக்கிப்போன வேப்பிலைகள் ஈரத்தை அங்கேயே தேக்கிவைத்திருந்தன. உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, வயரின் முனையைப் புதிதாக அடித்து, முறுக்கி, மேலே வாசலின் பூசினார். மறுபடி அளந்தபோது எண் 0.1 வோல்ட்டைத் தொடவில்லை. அத்துடன் விடாமல் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஐந்தருவிச் சாலையில் நெரிசலுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். கோளாறு எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை உருவாக்கிப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார். கியர் விழுந்தது.

எல்லாக் கோளாறும் இப்படி வாசலிலேயே முடிந்துவிடாது. கருகிய வாடை, எஞ்சின் உறுமியும் வண்டி நகராத வழுக்கல், எப்போதும் இருக்கிற உதறல் என்றால் கிளச்சே தேய்ந்திருக்கும். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் ஏஎம்டி கிளச்சைக் கருக்குகிறது. புதிய கிளச் போட்ட பிறகு ஸ்கேனர் வைத்துக் கம்ப்யூட்டருக்கு அதைப் பழக்கவும் வேண்டும். எண்ணெய் அழுத்தக் குழாய்களை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது; உள்ளே இருப்பது மிக உயர்ந்த அழுத்தம். முழு ஆட்டோமேட்டிக் கார்களில் எண்ணெய் அளவையும் நிறத்தையும் முதலில் பார்க்கலாம். பெரும்பாலும் சிவப்பாக இருக்க வேண்டிய அது கறுத்துக் கருகல் வாடை அடித்தால் விஷயம் உள்ளே இருக்கிறது.

"எர்த்தைத் தேச்சதுக்கு என்ன தம்பி தரணும்?" என்று ஆசிரியர் கேட்டார். எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகை ஒரு பாட்டில் கியர் ஆயில் விலையைவிடக் குறைவு. தந்தையின் டைனமோ சுற்றும் கடையில் செம்புக் கம்பியோடு தொடங்கிய தொழில் அவருக்கு. ஸ்கேனரைச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். அது படிக்கும் கார்களின் பட்டியலைப் புதுப்பிக்கத் தனியாகப் பணம் கட்டுகிறார். பாகம் எதையும் மாற்றாததால் பில்லில் எழுத ஒன்றுமில்லை. அரைநாள் யோசித்துக் கண்டுபிடித்த வேலைக்கு நம் ஊரில் இன்னும் விலை வைக்கவில்லை. பாகத்தை மாற்றினால்தான் பணம் என்று ஆகும்போது, நல்ல பாகங்களும் கழற்றி வீசப்படும். இதில் குற்றம் மெக்கானிக்குகளுடையது மட்டுமல்ல.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள மூன்று உண்டு. கியர் சொதப்பினால் நேரம், இடம், மழையா வெயிலா, என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்பதைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். மீட்டரில் மின்னுவதைப் படம் எடுங்கள். பழுதைக் கண்டுபிடித்ததற்கு என்று மெக்கானிக் தனிக்கூலி கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.