மூன்றாவது வேளை

'வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை' என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. 'வாக்குக் கற்றவனுக்கு' என்பதுதான் சரியான பாடம், பிற்காலத்தில் திரிந்துவிட்டது என்று வாதிடும் பண்டிதர்கள் உண்டு. இருக்கட்டும். திரித்தவன் ஏன் திரித்தான் என்பதல்லவா கேள்வி? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற உத்தியோகம், மே மாதம் பூராவும் விடுமுறை, இதில் என்ன கஷ்டம் என்கிற பொறாமை அதில் ஒலிக்கிறது. என் தமக்கையைப் பற்றி எங்கள் உறவினர்கள் இருபது வருஷமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

அக்கா திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. தலைமை என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியைகள். அவர்களில் இவள் மூத்தவள், அவ்வளவுதான். அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைகளை எண்ணினால் கணக்குச் சரி. வகுப்புகளை எண்ணினால் எங்கேயோ இடிக்கிறது.

பொங்கல் கழிந்த மறு வாரம், ஒரு வியாழக்கிழமை, அவளோடு நானும் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அன்று பார்த்து மற்ற ஆசிரியைக்கு ஏதோ பயிற்சி வகுப்பு. ஆகவே நாற்பத்தொரு குழந்தைகளும் அக்கா தலையில். முதல் வகுப்புப் பெண் ஒருத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நாலாம் வகுப்பில் ஒரு ரப்பருக்கு இரண்டு சொந்தக்காரர்கள். வருகைப் பதிவைக் கைபேசியில் ஏற்ற வேண்டும்; கைபேசிக்கு அலை கிடைக்கிற இடம் வேப்பமரத்தடி ஒன்றுதான். அங்கே அவள் கையை உயர்த்தி நின்ற கோலம், யாருக்கோ ஆசீர்வாதம் செய்வதுபோல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சமையலறையிலிருந்து ஒரு கூச்சல்.

"டீச்சர்! ஓடியாங்க! இந்தப் புள்ள உப்புப் பாக்கெட்டப் படிக்குது!"

காலைச் சிற்றுண்டி சமைக்கிற மகளிர் குழு அம்மாள்தான் கூவியவள். அவள் எதிரே மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், தட்டை ஏந்தி நின்றபடியே, மேடைமேலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கிட்டப் போய் ஒன்றும் தெரியாதவள்போல், "என்னடா அது?" என்றாள். "உ... ப்... பு. உப்பு" என்றான். பிறகு தட்டைப் பார்த்து, "உப்புமா" என்றான். சுற்றி நின்ற குழந்தைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆரம்ப வகுப்புக் குழந்தைகளை அவரவர் வாசிக்கும் நிலையை ஒட்டி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பெயர் அழகுதான், ஆனால் இந்தப் பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அரும்பாகவே இருந்தான். மூளையில் குறை ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் தை பிறந்தால் தாய் தகப்பனோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவான். மழைக்காலம் தொடங்கி, பள்ளியும் திறந்த பிறகு திரும்பி வருவான். கற்ற எழுத்தெல்லாம் அங்கே மண்ணோடு மண்ணாகிவிடும். அக்கா மறுபடியும் 'அ'விலிருந்து ஆரம்பிப்பாள். இந்த வருஷம் ஆடி மாதம் தொடங்கி, தினம் சாயங்காலம் கால் மணி நேரம் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று பகல் பன்னிரண்டு மணி வரையில் அவள் நடையே வேறு. கழித்தல் கணக்கில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் தவறு செய்தது, கோபம் வரவில்லை. ஏதோ ஒரு புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அதற்கும் கோபம் வரவில்லை.

மத்தியானம் முட்டையும் சோறும் பரிமாறி முடிகிற வேளையில் பையனின் தகப்பன் வந்தான். துணிக்கடைப் பை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தூணுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"நாளைக்குக் கெளம்பறோம் டீச்சரம்மா. திருவள்ளூர்ப் பக்கம். பையனக் கூட்டிக்கினு போறேன்."

"இந்த வருஷம் அவன விட்டுட்டுப் போப்பா. பாட்டி இருக்காங்க இல்ல?"

"அட்வான்ஸ் வாங்கிட்டேம்மா."

"நீ வாங்கினே. அவனா வாங்கினான்?"

அவன் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கெழவிக்குக் கண்ணு தெரியல. காலைல இங்க துன்றான். மத்தியானம் இங்க துன்றான். ராத்திரிக்கு?"

காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு பரவலாக வந்தது. எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். காலைச் சிற்றுண்டி 2022-இல் ஆரம்பமாயிற்று. ஆக, இரண்டு வேளை வந்து சேர அறுபத்தாறு வருஷம் பிடித்திருக்கிறது. சாமானியக் காரியம் அல்ல. உலகில் எத்தனையோ இடங்களில் அதுவும் இல்லை. ஆனாலும் அந்த மனிதன் கேட்டது மூன்றாவது வேளையை அல்லவா?

அக்கா விடவில்லை. அத்தை வீட்டில் விடேன் என்றாள். அத்தையும் சூளைக்குத்தான் வருகிறாளாம். பக்கத்து வீடு? பூட்டிக்கிடக்கிறது. அந்தத் தெருவே ஒரே லாரியில் புறப்படுகிறதாம். கடைசியில் மாற்றுச் சான்றிதழும் ஒரு கடிதமும் எழுதித் தருவதாகவும், சூளைக்கு அருகில் எந்தப் பள்ளியானாலும் வருஷ நடுவிலும் இவனைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், அது சட்டம் என்றும் எடுத்துச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பணிவுக்கு ஆட்டினானா, புரிந்து ஆட்டினானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா சான்றிதழ் எழுத உள்ளே போனபோது நானும் போனேன்.

"ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலிடா" என்றாள், தலை நிமிராமல். "ஈரக் கல்ல வெயில்ல காயறதுக்குப் புரட்டிப் போடணும். வரிசைக்கு நடுவுல பெரியவங்க கால வச்சா மிதிபடும். பசங்களுக்குப் பாதம் சின்னது."

தகப்பனுக்கும் அது தெரியும். அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

இரண்டு தாள்களையும் ஒரு உறையில் போட்டாள். அலமாரியைத் திறந்து மொட்டு நிலைப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் பையனின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். வெளியே வந்தோம். பையன் தகப்பனின் அக்குளிலிருந்த பையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதில் அச்சடித்திருந்த கடைப் பெயரைக் கூட்டிக்கொண்டிருந்தான். தகப்பன் அசையாமல், அவனுக்கு வசதியாகச் சற்றுக் குனிந்து நின்றான். முதல் எழுத்திலேயே பையன் முட்டிக்கொண்டான்.

"அது 'ஜ'. இன்னும் நான் உனக்குச் சொல்லித் தரல" என்றாள் அக்கா. படியில் உட்கார்ந்து பையை மடியில் விரித்துக்கொண்டாள். "இங்க பாரு. ஜ... வு... ளி. நீ சொல்லு."